மும்பை ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்: முதலில் உங்கள் வீடு எந்த லைனில் என்று பாருங்கள்

கேட்டவர் மதுரைத் தம்பி. முதல் வேலை, அலுவலகம் ஃபோர்ட்டில். தங்குவதற்கு மாட்டுங்காவில் ஓர் அறை பார்த்தாயிற்று. விமானம் இரவு 9.40க்கு மும்பையில் இறங்குகிறது. கூட அம்மா, இரண்டு பெரிய பெட்டி. "ஏர்போர்ட்டிலிருந்து சிட்டி சென்டருக்கு வர எது நல்ல வழி? எவ்வளவு ஆகும்? ஏமாற்றிவிடுவார்களா?" இவ்வளவுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளும். பெட்டி கட்டிக்கொண்டே படியுங்கள்.

'சிட்டி சென்டர்' என்பதை முதலில் மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் ஊருக்கு நடு உண்டு. கோயில் நடுவில், அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சுற்றுச் சுற்றாக ஊர் விரிகிறது. பம்பாய் முருங்கைக்காய் மாதிரி. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும். தென்கோடியில் கொலாபா, ஃபோர்ட், சர்ச்கேட். பழைய ஆட்கள் அதை 'டவுன்' என்பார்கள். விமான நிலையம் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மாட்டுங்கா இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே இறங்கிய இரவில் நீங்கள் டவுனுக்குப் போகவே வேண்டாம். பாதி வழியில் உங்கள் அறை வந்துவிடும்.

இங்கே யாரிடம் வழி கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது, "வெஸ்டர்னா, சென்ட்ரலா, ஹார்பரா?" மூன்றும் லோக்கல் ரயில் தடங்கள். வெஸ்டர்ன் சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, விலே பார்லே, அந்தேரி என்று மேற்குக் கரையோரமாக வடக்கே போகிறது. சென்ட்ரல் சி.எஸ்.எம்.டி.யில் (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்; எங்கள் தலைமுறைக்கு இன்னும் அது வி.டி., விக்டோரியா டெர்மினஸ்தான்) தொடங்கி தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, காட்கோபர், முலுண்ட், தாணே என்று போகிறது. ஹார்பர் அதே சி.எஸ்.எம்.டி.யில் தொடங்கி வடாலாவில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை செம்பூர், வாஷி வழியாகப் பன்வேலுக்கு, இன்னொன்று கிங்ஸ் சர்க்கிள், மாகிம் வழியாக அந்தேரிப் பக்கம். கிலோமீட்டரை வைத்து இந்த ஊரில் எதையும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் போகிற இடம் எந்தத் தடத்தில், மணி என்ன, இந்த இரண்டும் தெரிந்தால் வழி தானாகத் தெரிந்துவிடும். வரைபடத்தில் நாலு கிலோமீட்டர் என்று காட்டும், ஆனால் கிழக்கிலிருந்து மேற்கே தண்டவாளத்தைத் தாண்டிப் போக ஒரு மணி நேரம் தின்றுவிடும்.

அடுத்தது டெர்மினல். சத்ரபதி சிவாஜி மகாராஜ் விமான நிலையத்துக்கு இரண்டு டெர்மினல். டி1 விலே பார்லே கிழக்குப் பக்கம். பழைய ஆட்கள் அதைச் சாந்தாகுரூஸ் ஏர்போர்ட் என்பார்கள். டி2 அந்தேரி கிழக்கில், சகார். 2014இல் திறந்த பெரிய கட்டடம். ஓடுபாதை இரண்டுக்கும் பொது, வாசல்தான் வேறு. உள்நாட்டு விமானமென்றால் டி1தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டி2விலும் உள்நாட்டு விமானங்கள் வருகின்றன. டிக்கெட்டைப் பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையத்திலும் விமானங்கள் இறங்குகின்றன. அது தாணே கடற்கழிக்கு அந்தப் பக்கம், உல்வே, பன்வேல் வட்டாரம். டிக்கெட்டில் பி.ஓ.எம். (BOM) என்று இருந்தால் நான் சொல்கிற கதை. என்.எம்.ஐ. (NMI) என்று இருந்தால் கதையே வேறு. வாஷி, நெருள் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம், மாட்டுங்காவுக்கு வருகிறவருக்கு வீண் சுற்று.

இனி மெட்ரோ. 2025 அக்டோபருக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் "டாக்ஸி பிடி, ஜன்னலை இறக்கிவிடு, பொறுமையாக இரு" என்று மூன்றே வரியில் முடித்திருப்பேன். இப்போது மூன்றாம் தடம், அக்வா லைன், முழுதாக ஓடுகிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள். ஆரே தவிர எல்லாமே பூமிக்கு அடியில். 2024 அக்டோபரில் பி.கே.சி. (பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸ்) வரை, 2025 மே மாதம் ஆச்சார்ய ஆத்ரே சௌக் வரை, அக்டோபரில் கஃப் பரேட் வரை என்று மூன்று தவணையில் திறந்தார்கள். டி1, டி2 இரண்டுக்கும் தனித்தனி நிலையம். டி2விலிருந்து தெற்கே வந்தால் சகார் ரோடு, டி1, சாந்தாகுரூஸ், பாந்த்ரா காலனி, பி.கே.சி., அப்புறம் மித்தி ஆற்றுக்கு அடியில் நுழைந்து தாராவி, சீதளாதேவி, தாதர். அதற்கும் கீழே மகாலட்சுமி, மும்பை சென்ட்ரல், கிர்காவ், காலபாதேவி, சி.எஸ்.எம்.டி., ஹுதாத்மா சௌக், சர்ச்கேட். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கே 70 ரூபாய்தான்.

ஃபோர்ட்டில் வேலை என்றீர்களே, ஹுதாத்மா சௌக் நிலையம் ஃபோர்ட்டின் மடியிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது விமானம் பிடிக்க ஓடினால் இனி டாக்ஸிக்குக் கூச்சல் போட மாட்டார்கள்.

போன நவம்பரில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து என் அத்தை வந்தாள். எழுபத்தொரு வயது. டி2வுக்கு நானே போய் அழைத்துவந்தேன். மெட்ரோ, டெர்மினலுக்கு உள்ளேயே வந்து நிற்காது. வெளியே வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நடக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் நடந்தாள். நிலையத்தில் பைகளை ஸ்கேனரில் போட்டார்கள். ஒரு துணிப்பை மட்டும் திரையைத் தாண்டாமல் நின்றது. காவலுக்கு நின்ற பையன் திறக்கச் சொன்னான். செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் பாலிதீன், அதன் மேல் ஒரு பழைய துண்டு. அத்தனையும் பிரித்தால் நெத்திலிக் கருவாடு. வாசனை கிளம்பியதும் பின்னால் நின்றவர்கள் ஓரடி தள்ளிப்போனார்கள். பையன் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "சுகட் ஹை க்யா, ஆஜி?" கருவாடா பாட்டி என்கிறான். அவன் கொங்கண் கரைக்காரனாக இருக்க வேண்டும், அவர்கள் வீட்டிலும் உலர்ந்த கூனி இல்லாமல் மழைக்காலம் ஓடாது. அத்தைக்கு இந்தி தெரியாது. ஆனாலும் "ஆமாய்யா, நம்ம ஊருச் சரக்கு" என்றாள். அவனே திரும்பக் கட்டிக் கொடுத்தான்.

ரயிலில் உட்கார்ந்து சற்று நேரத்தில் 'தாராவி' என்று அறிவிப்பு வந்தது. அத்தை சட்டென்று நிமிர்ந்தாள். அவள் அண்ணன் அறுபதுகளில் அங்கே தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். "இங்கயா, மண்ணுக்குள்ளயா?" என்று கேட்டாள். மேலேதான் ஊர் என்று சொன்னேன். கருப்பாகத் தெரிந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டி2விலிருந்து தாதருக்கு இருபது நிமிடத்தை ஒட்டித்தான் ஆகியிருக்கும். அதே தூரத்துக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போயிருந்தால் கலாநகர் சிக்னலில் நின்றுகொண்டு அண்ணன் கதை முழுவதையும் கேட்டிருப்பேன்.

இதில் உள்ள இடக்குகளையும் சொல்லிவிடுகிறேன். தாதர் மெட்ரோ நிலையமும் தாதர் ரயில் நிலையமும் ஒட்டி இல்லை. மெட்ரோ மேற்கே கொஞ்சம் தள்ளி. தாராவி மெட்ரோவும் தாராவிக்கு நடுவில் இல்லை, ஓரத்தில். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். பூமிக்கடியில் செல்பேசி சிக்னலை நம்பிப் பணம் கட்டலாம் என்று இருக்காதீர்கள். ஐம்பது, நூறு ரூபாய்த் தாள் இரண்டு பையில் இருக்கட்டும். கடைசி வண்டி இரவு பத்தரை வாக்கில். உங்களுக்கு அதில்தான் சிக்கல். 9.40க்கு இறங்கி, அம்மாவோடு நடந்து, பெட்டிக்காகப் பட்டையைப் பார்த்து நின்று வெளியே வரப் பத்தேகால் ஆகிவிடும். விமானம் அரை மணி தாமதித்தால் போயிற்று. ஆகவே மெட்ரோவைப் புகழ்ந்த நானே சொல்கிறேன்: அன்றைக்கு இரவு உங்களுக்கு டாக்ஸிதான்.

டாக்ஸியில் மூன்று வகை. வருகைக் கூடத்திலேயே ப்ரீபெய்டு கவுண்டர் இருக்கும். போகுமிடத்தைச் சொல்லிப் பணம் கட்டினால் சீட்டு தருவார்கள். மீட்டரை விடக் கூடுதலாகத்தான் வாங்குவார்கள், ஆனால் இரவில் அம்மாவோடு பேரம் பேசாமல் போகிற நிம்மதிக்கு அது தகும். வண்டி எண் சீட்டில் இருப்பதும் முன்னால் நிற்பதும் ஒன்றா என்று பார்த்து ஏறுங்கள். வீட்டு வாசலில் பெட்டி இறங்கும் வரை சீட்டை ஓட்டுநர் கையில் கொடுக்காதீர்கள். இரண்டாவது, ஆப்பில் கூப்பிடுகிற வண்டி. ஓலா, ஊபர் எல்லாம் மதுரையில் பார்த்த அதே கணக்குதான். மழை வந்தால் விலை ஏறும். மூன்றாவது நம்ம காலி-பீலி, கறுப்பும் மஞ்சளும். நான் வந்த காலத்தில் அது பத்மினி கார். 2023 அக்டோபரோடு அந்த வண்டி சாலையை விட்டுப் போய்விட்டது, நிறம் மட்டும் மிச்சம்.

மீட்டர் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியிலிருந்து காலி-பீலிக்கு முதல் ஒன்றரை கிலோமீட்டர் 31 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20.66. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை கால் பங்கு கூடுதல். டி2விலிருந்து மாட்டுங்கா கிழக்குக்குப் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர் என்று வையுங்கள், 250 ரூபாயைச் சுற்றி வரும். ஃபோர்ட் என்றால் 500ஐத் தாண்டும். நெரிசலில் நிற்கிற நேரத்துக்கும் மீட்டர் ஓடும். பெட்டிக்குத் தனியாகக் கொஞ்சம். இந்த எண்கள் மனதில் இருந்தால், கூடத்தில் தோளைத் தொட்டு "டாக்ஸி சாஹியே, சார்?" என்று ஆயிரத்து ஐநூறு சொல்கிறவனைப் பார்த்து நடந்துகொண்டே இருக்கலாம். அவனுக்குப் பதில்கூடச் சொல்லாதீர்கள். பதில் சொன்னால் பெட்டியைத் தூக்கிவிடுவான்.

ஏமாற்றுவார்களா என்று கேட்டீர்கள். இந்த ஊர் மீட்டருக்குக் கட்டுப்பட்ட ஊர். சென்னை ஆட்டோவில் பட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏமாறுவது பெரும்பாலும் விதி தெரியாமல்தான். ஆட்டோ ரிக்‌ஷா விவகாரம் அப்படிப்பட்டது. ஆட்டோ மலிவு, 26 ரூபாயில் மீட்டர் தொடங்கும், விமான நிலையப் பக்கமெல்லாம் ஓடும். ஆனால் மேற்கில் பாந்த்ரா, கிழக்கில் சயான், இவற்றைத் தாண்டித் தெற்கே ஆட்டோ வரக்கூடாது. 2019இல் என் தம்பி மகன் எங்களிடம் சொல்லாமல் இரவு பதினொன்றரைக்கு ஓர் ஆட்டோவில் ஏறிவிட்டான். 'மாட்டுங்கா' என்றதற்கு ஓட்டுநர் தலையாட்டினாராம். சயான் மருத்துவமனைக்கு எதிரே நிறுத்தி, "பஸ், யஹா தக்" (போதும், இதுவரைதான்) என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்று பை, கையில் அரை டப்பா சீவல், எதிரே தூங்குகிற நாய்கள். இன்னொரு டாக்ஸிக்காரர் குறுகிய தூரம் வர மாட்டேன் என்றார். கடைசியில் நான் போய்க் கூட்டிவந்தேன். உங்களுக்கு அறை செம்பூரிலோ குர்லாவிலோ இருந்தால் ஆட்டோவே போதும் என்பேன். மாட்டுங்காவுக்கு வேண்டாம்.

பகலில் வருகிறவர்களுக்கு, பெட்டி சின்னதாக இருந்தால், எங்கள் ஆட்கள் பலர் கவனிக்காத ஒரு வழி உண்டு. டி1இல் இறங்கினால் ஆட்டோ பிடித்து விலே பார்லே ஸ்டேஷன். அங்கே வெஸ்டர்ன் லோக்கலில் ஏறிக் கூட்டத்தில் நசுங்காமல், ஹார்பர் பிளாட்பாரத்துக்குப் போங்கள். சி.எஸ்.எம்.டி. போகிற ஹார்பர் வண்டி சாந்தாகுரூஸ், கார், பாந்த்ரா, மாகிம் என்று வந்து கிங்ஸ் சர்க்கிளில் நிற்கும். மாட்டுங்கா கிழக்குத் தமிழர் பேட்டைக்கு அதுதான் வாசல். ஆகிற செலவு ஒரு காப்பிக் காசுகூட இல்லை. வண்டி வெஸ்டர்ன் மாதிரி அடிக்கடி வராது, அதுதான் குறை. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கே போகிற எந்த லோக்கலிலும் பெட்டியோடு ஏறாதீர்கள். மாலையில் கூட்டம் வடக்கே போகும். அப்போது தெற்கே வருகிற உங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

புது ஆட்கள் எல்லாரும் ஒரு முறையாவது விழுகிற குழி ஒன்று. 'மாட்டுங்கா' என்பது சென்ட்ரல் ஸ்டேஷன், கிழக்கே. 'மாட்டுங்கா ரோடு' என்பது வெஸ்டர்ன் ஸ்டேஷன், மேற்கே. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று மாறி இறங்கினால் நடுவில் தண்டவாளக் காடு. 1991இல் வந்த புதிதில் நானே மாட்டுங்கா ரோட்டில் இறங்கி, கிழக்கே போகப் பாலம் எங்கே என்று தெரியாமல் அரை மணி நேரம் சுற்றியிருக்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போகும்போது உங்களுக்கு வேண்டியது சென்ட்ரல் மாட்டுங்கா. ஸ்லோ வண்டி மட்டும் நிற்கும், ஃபாஸ்ட் நிற்காது. சி.எஸ்.எம்.டி. வரை இருபது இருபத்தைந்து நிமிடம், அங்கிருந்து ஃபோர்ட் நடைதான். 2017 முதல் அந்த மாட்டுங்கா ஸ்டேஷனை நடத்துவது முழுக்கப் பெண்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், கேட்கப் பிடிக்கும்.

வேறு இடங்களுக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முலுண்ட், தாணே என்றால் டி2விலிருந்து அக்வா லைனில் வடக்கே ஒரே ஸ்டேஷன், மரோல் நாகா. அங்கே முதலாம் மெட்ரோவுக்கு மாறிக் காட்கோபர், பிறகு சென்ட்ரல் லோக்கல். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் பக்கம் என்றால் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் கார் நேராக இறக்கிவிடும். மெரின் டிரைவ், கொலாபா என்றால் பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்தில் ஏறிக் கோஸ்டல் ரோட்டில் இறங்குங்கள். கடல் பாலத்துக்குச் சுங்கம் உண்டு, கோஸ்டல் ரோட்டுக்கு இல்லை. இரவில் அந்த வழி, பணத்துக்கு மேல் ஒரு காட்சி. பெஸ்ட் என்கிற மாநகரப் பேருந்தும் உண்டு, குறைந்தபட்சம் 10 ரூபாய். ஆனால் முதல் நாள் பெட்டியோடு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்கள் மேலே சொன்னதையெல்லாம் ஒருமுறை மழையில் நனைத்துப் பார்க்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்றைக்கு ஃபோர்ட்டிலிருந்து சயான் கோலிவாடாவுக்கு நடந்தே வந்தவன் நான். அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஊற்றி, அலையும் ஏறியிருந்தால் அந்தேரி சப்வே மூழ்கும், ஹிந்த்மாதா மூழ்கும், கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கும். அது உங்கள் வீட்டுக்கு வருகிற வழி. மெட்ரோவும் தப்பவில்லை, 2025 மே 26 மழையில் திறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஆச்சார்ய ஆத்ரே சௌக் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு இரவில் இறங்கினால் அவசரப்படாதீர்கள். விமான நிலையத்திலேயே அம்மாவை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அலை இறங்கினால் தண்ணீரும் இறங்கிவிடும், இரண்டு மூன்று மணி நேரக் கணக்கு.

கடைசியாக ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியது. வெறுமனே 'மாட்டுங்கா' என்றால் பாதிப் பேர் மேற்கே கொண்டுபோய் விடுவார்கள். "மாட்டுங்கா ஈஸ்ட், கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் கே பாஸ்" என்று சொல்லுங்கள். வண்டி சயானைத் தாண்டியதும் அறைக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். அந்த நேரத்தில் கட்டட வாட்ச்மேன் உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கியிருப்பார், கேட்டைத் திறக்க ஆள் வேண்டும்.